பௌர்ணமிக்குத் திறக்காத கதவு

சனிக்கிழமை, காலை

கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நாலைந்து நின்றன, எல்லாவற்றிலும் ஆட்கள். பாதிப் பேர் காலில் செருப்பு இல்லை. ஒரு கண்டக்டரிடம், "என்னங்க இன்னைக்கு இவ்ளோ கூட்டம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பௌர்ணமிம்மா. ஊருக்குப் புதுசா?"

பிறந்து வளர்ந்ததே அந்த ஊரில்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் தாம்பரத்தில் குடியிருந்து, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். நாள்காட்டியில் மாதச் சம்பளத் தேதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பௌர்ணமி தெரியவில்லை. நூற்றெழுபது ரூபாய் டிக்கெட் வாங்கி, கடைசி சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் என்னைச் செருகிக்கொண்டேன்.

நான் கிரிவலம் போகக் கிளம்பியவள் அல்ல. எங்கள் பூர்வீக வீட்டை இடிக்க ஏற்பாடு ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை பழைய மரம் வாங்குகிறவர் ஆட்களோடு வந்து கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றையும் கழற்றுவதாகப் பேச்சு. அதற்குள் அந்த வீட்டில் குடியிருக்கும் என் அக்கா வசந்தாவையும் அவள் கணவரான மாமாவையும் ஓசூரில் இருக்கும் தம்பி ரவியின் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். தம்பி மூன்று மாதமாகப் போனில் கெஞ்சியும் அக்கா அசையவில்லை. "சின்னக்கா, நீ போய்த் திட்டினாத்தான் கேப்பாங்க" என்று என்னைத் தள்ளிவிட்டான். திட்டுகிற வேலை என்றால் எங்கள் வீட்டில் எப்போதும் என் தலையில்தான் விழும்.

நான் இடிக்கிற கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு, நடுச் சுவரில் கை நுழைகிற மாதிரி விரிசல் என்று தம்பி படம் எடுத்து அனுப்பியிருந்தான். அடித்தளம் இறங்கியிருக்கலாம், ஆட்கள் குடியிருப்பது ஆபத்து என்று ஒரு எஞ்சினியர் சொல்லிவிட்டார். சுவரா அக்காவா என்றால் எனக்கு அக்காதான்.

திண்டிவனம் தாண்டும்வரை நின்று நின்று போனது. செஞ்சி வந்ததும் ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் கோட்டையைப் பார்த்தார்கள். பாறை மேல் பாறையாகக் கிடக்கும் அந்த மலைகளைப் பார்த்தால் எனக்கு ஊர் வந்துவிட்டது என்று தோன்றும், உண்மையில் இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். பக்கத்தில் இருந்த பெண், குண்டூரிலிருந்து வருகிறாளாம், மாதா மாதம் வருகிறாளாம். தங்க இடம் கிடைக்கிறதா என்று கேட்டேன். "பே கோபுரம் பக்கம் ஒரு வீடு இருக்கு அம்மா. ஆ இண்ட்லோ, அந்த வீட்ல, சாமி கதவு இருக்கு. பௌர்ணமிக்குத் தானே மூடிக்கும்" என்றாள், பாதி தமிழும் பாதி தெலுங்குமாக.

ஊருக்கு ஊர் ஒரு கதை கட்டிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை, மதியத்துக்கு முன்

ஊருக்கு வெளியிலேயே தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர் தலைக்கு ஐம்பது ரூபாய் கேட்டார். "என்னப்பா, இதே தூரத்துக்கு மத்த நாள்ல இருபது தானே" என்றேன்.

"மத்த நாள்ல வாங்கம்மா, நானே இருபதுக்குக் கொண்டுபோய் விடறன். இன்னைக்கு மூணு இடத்துல போலீஸ் மடக்கறாங்க, சுத்திக்கினு போவணும். டீசல் ஜாஸ்தி ஆவுதில்ல?"

நியாயம்தான். கடைசி அரைக் கிலோமீட்டரை நடந்தேன். மலை வழக்கம்போல எந்தச் சந்தில் திரும்பினாலும் எதிரே நின்றது. கோயிலின் மேற்குக் கோபுரமான பே கோபுரத் தெருவிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் நுழைந்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மனிதர்களுக்காகக் கட்டிய வீடு அல்ல, மூட்டைகளுக்காகக் கட்டியது. எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு அடி அண்ணாமலை பக்கம் நிலம். சொந்த மல்லாட்டை போக, சுற்று ஊர்களில் விளைவதையும் வாங்கி வைத்து விலை வந்ததும் விற்பார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், நிலக்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். அதை அடுக்கி வைக்க டவுனில் ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது இது. அதனால் முகப்பு குறுகல், உள்ளே நீளம். தெருக்கதவு மட்டும், முதுகில் மூட்டையோடு ஒருவர் போக, எதிரே வெறும் முதுகோடு இன்னொருவர் வர இடிக்காத அகலம். தெருவிலிருந்து நடை வழியாகக் கூடத்துக்குப் போகும்வரை ஒரு படி கிடையாது, ஒரு திருப்பம் கிடையாது.

கூடம்தான் வீட்டின் உயிர். தூணே இல்லாத நீளமான கூடம். சுவர் இரண்டடி கனம். இடுப்பு உயரம்வரை மலைக்கல், அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல், ஈரம் மூட்டைக்கு ஏறக் கூடாது என்று. ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கும் மேலே, உத்திரத்துக்குச் சற்றுக் கீழே சின்னச் சின்னதாக இருக்கும். மல்லாட்டை புழுங்காமல் இருக்கக் காற்று வேண்டும், எட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்கு எத்தனை மூட்டை என்று தெரியவும் கூடாது. சுவருக்குச் சுவர் குறுக்காக இரண்டு தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு இடித்துப் போட்ட மாடித் தளம். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ். மூட்டை நிறுக்கும் தராசைத் தொங்கவிட்ட இரும்பு வளையம் இன்னும் ஓர் உத்திரத்தில் இருக்கிறது.

வியாபாரம் தாத்தா காலத்தோடு போயிற்று. மூட்டைகள் காலி செய்த கூடத்துக்கு நாங்கள் குடிவந்தோம். ஒரு தொல்லை, அவ்வளவு பெரிய கூடத்துக்குக் கதவு கிடையாது. வசந்தாக்காவுக்குக் கல்யாணம் ஆகி மாமா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தபோதுதான் அது எல்லாருக்கும் உறைத்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எங்கே படுப்பார்கள்? அப்பா அவசர அவசரமாக ஓர் உத்திரத்துக்குக் கீழே மெல்லிய தடுப்புச் சுவர் எழுப்பி, அதில் ஒரு கதவு வைத்து, நடு அறை என்று ஒன்றை உண்டாக்கினார். வேலை முடிந்த அன்று எல்லாரும் வேண்டுமென்றே மாடியில் போய்ப் படுத்துக்கொண்டோம். அக்கா இரண்டு நாள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விரிசல் விட்டிருப்பது அந்தத் தடுப்புச் சுவர்தான்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. "வாடி. பௌர்ணமி அன்னைக்குத்தான் வர்றதா? பஸ்ல நின்னுக்கினே வந்தியா?"

"உக்காந்துதான் வந்தன். நீ என்ன இப்படி ஆயிட்ட?"

"தூக்கம் இல்ல" என்றாள்.

நடையில், தெருக்கதவை ஒட்டி, ஒரு பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு பை. அக்கா ஒரு வருஷமாக அங்கேதான் படுக்கிறாள். பையில் பத்திரம், நகை, இரண்டு புடவை, மாமாவின் மாத்திரைகள். சுவர் விழுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்து தெருவில் பாய்ந்துவிடலாமாம். அறுபத்தாறு வயசில் தெருவில் பாய்வதற்குத் தயாராக ஒரு மனுஷி படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? எனக்குக் கோபம்தான் வந்தது. "இப்படிப் பயந்துக்கினு இருக்கறதுக்கு ரவி வீட்டுக்குப் போனா என்னக்கா?"

"அங்க நாலாவது மாடி. கதவத் தெறந்தா எதிர் வீட்டுக் கதவு. நான் அங்க போய் யாரப் பாப்பன்?"

அதற்குள் கண் கலங்கிவிட்டாள். திட்ட வந்தவள், பசிக்கிறது, சோறு போடு என்றேன்.

சனிக்கிழமை, பிற்பகல்

சாப்பாட்டின்போது மாமா கதவு விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருஷமாக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலம் சுற்றி முடித்து வருகிறவர்கள் குளித்து, படுத்து எழுந்து போக, அக்காவும் அவரும் கூடத்தையும் மாடியையும் விடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் நடு அறைக் கதவு சிக்கிக்கொள்ளுமாம். மறுநாள் தானாகத் திறந்துகொள்ளுமாம்.

"எண்ணெ போட்டுப் பாத்தன், இழைச்சிப் பாத்தன். மத்த நாள்ல வெண்ணெ மாதிரி தெறக்குது சாந்தி. பௌர்ணமி அன்னைக்கு மட்டும் நாலு பேர் தள்னாலும் அசையாது." மாமாவின் குரலில் பயம் பாதி, பெருமை பாதி.

கதவைப் பார்த்தேன். மஞ்சள், குங்குமம், கைப்பிடியில் யாரோ கட்டிய மஞ்சள் கயிறு ஏழெட்டு. கீழே கற்பூரம் ஏற்றிய கரி. குண்டூர்ப் பெண் சொன்ன சாமி கதவு எங்கள் அக்காவின் படுக்கையறைக் கதவுதான்.

"எஞ்சினியர் கிட்ட இத சொன்னீங்களா மாமா?"

"அவர் படிச்சவரு, சிரிப்பாரு. வெரிசல மட்டும் காட்டனன்."

"கூட்டமா வர்றவங்ககிட்ட வெரிசலச் சொன்னீங்களா?"

"அவங்க பயந்துக்குவாங்களே."

அக்கா மட்டும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்திருந்தாள். "அது சாமி சொல்ற சேதிடி. இந்த ஊட்ல இருந்தது போதும், கெளம்புனு சொல்லுது. நாந்தான் கேக்காத உக்காந்துக்கினு இருக்கன்." சாதாரணமாகச் சொன்னாள். சாமியே போகச் சொன்னபிறகும் போக மனசில்லாமல் இருப்பதை நினைத்து அவள் உள்ளூர நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

கூடத்தில் யாத்ரீகர்களுக்காகப் பாய் விரித்துவிட்டதால் வேறு இடமில்லாமல், மூன்று மணி போல நடு அறையில் புடவை மாற்றிக்கொண்டு கொஞ்சம் சாயலாம் என்று போனேன். கதவு சுலபமாகச் சாத்திக்கொண்டது, சுலபமாகத் திறந்தது. இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். பௌர்ணமியாவது ஒன்றாவது என்று நினைத்தேன்.

தெருவில் லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மாடியில் தடதடவென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்திலேயே அசந்துவிட்டேன். முகத்தில் ஏதோ பொடி உதிர்ந்து விழித்தேன். சுண்ணாம்பு. தலைக்கு மேல் எங்கேயோ மரம் முனகியது. எழுந்து கதவை இழுத்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சுவரோடு சேர்த்து அறைந்த மாதிரி நின்றது.

"மாமா" என்று கத்தினேன்.

மாமா வெளியிலிருந்து தள்ளினார். வந்து இறங்கியிருந்த யாத்ரீகர்களும் தள்ளினார்கள். அப்புறம் கற்பூர வாசனை வந்தது. ஒரு குரல், "உள்ள ஒரு அம்மா இருக்காங்களா? எத்தனை பாக்கியம்" என்றது.

பாக்கியமா? எனக்குச் சர்க்கரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பாத்ரூம் போகாமல் இருக்க முடியாது. அந்த அறையில் ஜன்னல் என்று இருப்பது உத்திரத்துக்குக் கீழே இரண்டு சாண் சதுரம், பூனை போகலாம்.

"பயப்படாத சாந்தி, காலைல தானா தெறந்துக்கும்" என்றார் மாமா.

"காலைலயா?" என் சத்தம் கோபுரம்வரை கேட்டிருக்கும்.

அக்கா வெளியே அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் கெளம்பாததுக்கு உன்னப் புடிச்சிக்கிச்சிடி. நான் போயிடறன்னு வேண்டிக்கறன், இப்பவே போயிடறன்."

அந்த அழுகை என்னை உலுக்கியது. பயமும் இருந்தது, மறைக்கவில்லை. இரண்டடிச் சுவருக்கு நடுவில், உதிர்கிற சுண்ணாம்புக்குக் கீழே நிற்கிறேன் அல்லவா? ஆனால் எனக்கு ஒரு குணம். பயந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் கணக்குப் போடுவேன். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு நான் மார்க் போட்டதே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்தேன்.

படுக்கப் போகும்போது கதவு திறந்தது. எழுந்தபோது திறக்கவில்லை. நடுவில் என்ன நடந்தது? நிலா இன்னும் வரவே இல்லை. வெயில் அடிக்கிறது. வந்தது தண்ணீர் லாரி.

"அக்கா, அழாத. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மாடியில என்ன வெச்சிருக்கீங்க?"

"டேங்குடி. குளிக்கிறவங்களுக்கு. ரெண்டு பெரிய டேங்கு, ஒவ்வொன்னும் ரெண்டாயிரம் லிட்டரு."

"எப்ப நெரப்புவீங்க?"

"பௌர்ணமிக்குத்தான். நாங்க ரெண்டு பேரு, எங்களுக்குக் கீழ் கொழாயே போதும். மத்த நாள்ல காலியாத்தான் கெடக்கும்."

"எங்க வெச்சீங்க? எந்த எடத்துல?"

இதற்கு மாமா பதில் சொன்னார். "உத்திரத்துக்கு நேர் மேல, நட்ட நடுவுல வெச்சம். உத்திரத்து மேலன்னா பலம்தான? நான்தான் எடம் காட்டனன்."

எழுந்து கதவின் மேல் நிலைக்கட்டையைப் பார்த்தேன். அன்றைக்கு அவசரமாக வைத்த தச்சர் நிலையை உத்திரத்தின் அடிவயிற்றோடு ஒட்ட நிறுத்தியிருந்தார். ஒரு விரல்கூட இடைவெளி விடவில்லை. நாலு டன் தண்ணீர் மேலே ஏறினால் உத்திரம் ஒரு நூல் வளையும். வளைந்தால் நிலையை அமுக்கும், நிலை கதவை அமுக்கும். அந்த மெல்லிய சுவரையும் சேர்த்து அமுக்கும். விடியும்வரை ஆட்கள் குளித்துத் தண்ணீர் தீர்ந்ததும் எல்லாம் நிமிர்ந்துகொள்ளும். மாதா மாதம்.

"மாமா, டேங்கு வெச்சி எவ்ளோ நாளாச்சி?"

"ஆட்கள விட ஆரம்பிச்சப்ப. ரெண்டு வருஷம்."

"கதவு சிக்க ஆரம்பிச்சி?"

"அதுவும் ரெண்டு..."

வெளியே கற்பூரத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"போய்த் தண்ணியத் தொறந்து விடுங்க" என்றேன்.

இங்கேதான் அக்கா அக்காவாக மாறினாள். அழுகை நின்றுவிட்டது. "ஐயையோ, லாரித் தண்ணிடி. நாப்பது பேர் குளிக்க வருவாங்க. சும்மா விட்டா எப்படி?" அடுத்து என் காதில் விழுந்ததெல்லாம் பாத்திரச் சத்தம். அண்டா, குடம், பக்கெட், கல்யாணத்துக்குப் பொங்கல் வைத்த தவலை, குழம்புச் சட்டிகூட வந்திருக்கும். யாத்ரீகர்கள் வரிசையில் நின்று மாடியிலிருந்து கை மாற்றி இறக்கினார்கள். "இங்க ஒன்னு", "அது ரொம்பிடுச்சி, அப்பால வை", "யம்மா சிந்தாதீங்க" என்று அக்காவின் குரல் வீடெங்கும் ஓடியது. பாத்திரம் தீர்ந்ததும் மிச்சத்தை முற்றத்தில் விட்டார்கள் போலிருக்கிறது, ஓடை மாதிரி ஓடியது.

நான் உள்ளே நின்றுகொண்டு, கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகப் பார்த்தேன். நுழையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு முனை நுழைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டிக்கெட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடையில்லாமல் போய் வந்தது. வாழ்க்கையில் நான் திருத்திய எந்தப் பேப்பரும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

"இப்ப தள்ளுங்க மாமா" என்றேன்.

நாலு பேர் பலத்தோடு தள்ளினார் பாவம். கதவு வெண்ணெயாகத் திறந்துகொள்ள, மாமா நேராகக் கட்டிலில் வந்து விழுந்தார். நான் அவரைத் தாண்டி ஓடினேன், விசாரிக்க நேரமில்லை, பாத்ரூமுக்கு.

திரும்பி வந்தபோது அக்கா கதவைப் பிடித்துத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தாள். மூடினாள், திறந்தாள், மறுபடியும் மூடினாள்.

"அப்ப சாமி ஒன்னும் சொல்லலையாடி?"

"ஒன்னும் சொல்லல. டேங்குதான் சொல்லிச்சி."

"என்னப் போவச் சொல்லலை?"

"இல்லக்கா."

அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இடிக்கிற கட்சியாக வந்தவளுக்கு அந்த நிமிஷமே கட்சி மாறிவிட்டது. நானும் அழுதேன். யாத்ரீகர்கள் எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ அருள் வந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு கற்பூரம் ஏற்றினார்கள். மாமா தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பௌர்ணமி கழிந்த காலையில் எங்கள் சந்து தூங்கி வழியும். கூடத்தில் கடைசி ஆள் எழுந்து போனதும் வேங்கிக்காலில் ஆபீஸ் வைத்திருக்கும் அந்த எஞ்சினியருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஸ்கூட்டரில் வந்தார், சின்ன வயசு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராக மாடிக்குப் போனார். போன தடவை மாடிக் கதவைப் பூட்டிவிட்டு மாமா சாவியைத் தேடிக்கொண்டிருந்ததால் அவர் மேலே ஏறவே இல்லையாம்.

உத்திரத்தைச் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்டார். இரண்டு பக்கச் சுவரிலும் உத்திரம் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்த்தார். கூடத்தின் மூலைகளில் குழி தோண்டி அடியில் கல் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்களாக அவர் பின்னாலேயே போனோம்.

"அடித்தளம் இறங்கலைங்க" என்றார் கடைசியில். "மூட்டைக்குக் கட்னது, இந்தச் செவுரெல்லாம் இன்னும் ரொம்ப நாளைக்கி நிக்கும். உத்திரத்துக்கும் ஒன்னும் ஆவல, தேக்கு. நடுவுல வெச்ச தடுப்புச் செவுருதான் பாவம், அதால தாங்க முடியாத எடைய அது தலைல வெச்சிட்டீங்க. டேங்க ரெண்டையும் கீழ எறக்கிடுங்க, கொல்லைல மேடை கட்டி வெச்சிக்கலாம். இந்தத் தடுப்பப் பிரிச்சி, மேல ஒரு விரக்கடை எடம் விட்டுத் திரும்பக் கட்டிடலாம். மேல திரும்ப டேங்கு மட்டும் ஏத்தாதீங்க." பிறகு மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "பௌர்ணமிய எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிம்மதிதான், ஆனால் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு அற்புதத்துக்குச் சொந்தக்காரராக இருந்த மனுஷர் அல்லவா? மஞ்சள் கயிறுகளை அவிழ்க்கப் போனவர், "இருக்கட்டும், கட்னவங்க மனசு கஷ்டப்படும்" என்று விட்டுவிட்டார்.

தம்பிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். "ரவி, இருக்கியாடா?" என்றேன்.

"இருக்கன்" என்றான். "நான் வந்தப்ப அந்தக் கதவு சிக்கினதப் பாத்தன் சின்னக்கா. அன்னையில இருந்து எந்த நேரம் போன் வந்தாலும் வீடு விழுந்துடுச்சின்னுதான் எடுப்பன். மரக்காரருக்கு இப்பவே சொல்லிடறன், வர வேணாம்னு."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த மாசம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா, மல்லாட்டை அவிச்சித் தரன் என்றாள். அவன் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மாலையில் மாமாவும் இரண்டு ஆட்களும் காலி டேங்குகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நான் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். டேங்க் இருந்த இடத்தில் இரண்டு வட்டம் வெளுப்பாகத் தெரிந்தது. கீழே அக்கா நடையில் கிடந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து புடவை இரண்டையும் பீரோவில் வைத்தாள். மாத்திரைகளை எடுத்து அடுப்படி மாடத்தில் வைத்தாள். ராத்திரி சாப்பாடு ஆனதும் நடு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை

விடிந்ததும் கிளம்பலாம் என்று குளித்துவிட்டு வந்தேன். நடு அறைக் கதவு மூடியே இருந்தது. கோழி கூவும் முன் எழுந்து வாசல் தெளிக்கிறவள் அக்கா. மாமா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கம் திருப்புகிற சத்தம்கூட வராமல்.

"எழுப்பட்டுமா மாமா? சொல்லிட்டுக் கெளம்பறன்."

மாமா தலையை ஆட்டினார். குரலை இறக்கி, "வேணாம்மா. ஒரு வருஷம் ஆச்சி அவ இப்படித் தூங்கி" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நடையில் சத்தமில்லாமல் நடந்து, தெருவுக்கு வந்து போட்டுக்கொண்டேன். பௌர்ணமிக் கூட்டம் போன ஊரில் ஆட்டோ இருபது ரூபாய்க்கே வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தாம்பரத்தில் நான் குடியிருப்பதும் மூன்றாவது மாடி, கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் கதவு. இத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. அந்தத் தாம்பரம் வீட்டுச் சுவர் எத்தனை கனம், யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

செஞ்சியில் பஸ் நின்றபோது போன் அடித்தது.

"ஏண்டி, சொல்லிக்காத கூடவா போவ? எழுப்பக் கூடாது? மணி என்ன தெரியுமா? ஒம்போது. வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்கியிருக்கன். வாசல் தெளிக்கல, கோலம் போடல, தெருவே பாத்துக்கினு போவுது. மானம் போச்சி." நிறுத்தாமல் திட்டினாள். குரலில் தூக்கம் இன்னும் கலையவில்லை.

"திட்டுக்கா, திட்டு" என்றேன்.